சனிக்கிழமை இரண்டு மணி

18 ஜனவரி 2025, சனி

ஓய்வு பெற்றவனைப் பார்த்தவுடன் எல்லாரும் கேட்பது, "பொழுது எப்படிப் போகிறது?" என்றுதான். பொழுது தானாகவே போகிறது. அதற்கு என் தயவு தேவைப்படவில்லை, சிக்கலே அங்கேதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூர் ராணுவக் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்த்தவன் நான். காலணி முதல் கூடாரம் வரை எது எந்த அடுக்கில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போதோ கணக்கிலிருந்து கழிக்கப்பட்டு, ஏலத்துக்கும் போகாமல் மூலையில் நிற்கும் பீரோவைப் போல வீட்டில் நிற்கிறேன். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து இன்று சொல்லிவிட்டாள்: "சமையலறையைத் தினமும் அடுக்கி வைக்கிறீர்கள். எனக்குச் சீரகம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. வெளியே ஏதாவது வேலை பாருங்கள்."

நல்ல வேளையாகப் பழைய சகா ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். காயப்பட்ட படைவீரர்களின் வீடுகளுக்குப் போய் உதவும் சிறிய தொண்டூழியக் குழு அவருடையது. சனிக்கிழமை மதியத்துக்கு ஆள் பற்றவில்லையாம். சரி என்றேன்.

கோப்பிக்கடையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னதும், "நம் நாட்டில் எங்கே அய்யா சண்டை நடந்தது?" என்றார். 1967 முதல் வீட்டுக்கு வீடு பிள்ளைகளைக் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்கு அனுப்புகிற நாட்டில் இந்தக் கேள்வி எப்படி வருகிறதென்று எனக்குப் புரியவில்லை. துப்பாக்கியும் கவச வாகனமும் கப்பலும் கயிறும் பயிற்சியிலும் அதே கனம்தான். எலும்புக்குப் போர் எது, ஒத்திகை எது என்று தெரியாது.

25 ஜனவரி, சனி

பயிற்சி வகுப்பு. ஓய்வு பெற்ற தாதி ஒருவர் நடத்தினார். கண்டிப்பான அம்மா. சேவை மனப்பான்மை, கருணை என்றெல்லாம் ஆரம்பிப்பார் என்று எண்ணி ஒரு கொட்டாவியைத் தயாராக வைத்திருந்தேன். அவர் எடுத்த எடுப்பில், "மூத்திரக் குழாய் மடங்கினால் ஆள் சாகலாம்" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதுகுத்தண்டில் ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பில் என்ன உறுத்தினாலும் வலி தெரியாது. ஆனால் உடம்பு சும்மா இருக்காது. ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். மண்டை வெடிப்பதுபோல் தலைவலி, முகமெல்லாம் சிவப்பு, வியர்வை. பக்கவாதம் வரை போகலாம். பெரும்பாலும் காரணம் நிறைந்துவிட்ட சிறுநீர்ப்பை. குழாய் எங்கேயோ மடங்கியிருக்கும். படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும். குழாயை நுனி முதல் அடி வரை கையால் தடவிப் பார்க்க வேண்டும். அப்படியும் தணியாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995.

நான் இதை வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டேன். எனக்குப் பழக்கமான மொழி இது.

1 பிப்ரவரி, சனி

தோ பாயோவில் ஒரு வீடு. காயப்பட்ட படைவீரத் தம்பிக்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும். பயிற்சியில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பில் அடி. கால்கள் இல்லை என்றே ஆகிவிட்டது. தோளும் முழங்கை மடக்கும் இருக்கின்றன, விரல்கள் பிடிப்பதில்லை. உள்ளங்கையில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் செருகிய குச்சியால் கணினியில் தட்டுகிறார். என்னைவிட வேகம்.

நான் போனது தம்பிக்காக என்று நினைத்திருந்தேன். உண்மையில் போனது அவருடைய அம்மாவுக்காக. படுக்கைப்புண் வராமல் இருக்க இரவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மகனைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். ஆண்டுக்கணக்காக முழு இரவு தூங்காதவர். இரண்டு மணி முதல் ஆறு மணி வரை அவர் வெளியே போய்வரலாம், நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்பதுதான் ஏற்பாடு.

"எங்கே போவது அண்ணே?" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், திரும்பி வந்து தண்ணீர் பாட்டில் எங்கே இருக்கிறதென்று காட்டினார், மறுபடியும் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். புளோக்கின் கீழே கல் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மணி நேரமும் அங்கேயே.

"போன முறை வந்தவரிடமும் இதுதான் அங்கிள்" என்றார் தம்பி.

15 பிப்ரவரி, சனி

முழுமைத் தற்காப்பு நாள். 1942-இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த நேரத்தை நினைவுபடுத்தி மாலை 6.20-க்கு அபாயச் சங்கு ஒலித்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நான் இன்னும் அங்கேதான் இருந்தேன். தம்பி சங்கு ஓயும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "அங்கிள், எல்லாரும் ஓட வேண்டியிருந்தால் என்னை யார் தூக்குவது என்று திட்டம் இருக்கிறதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அம்மா சிரிக்கவில்லை.

திட்டம் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன்: மின்தூக்கி நின்றுவிட்டால் எந்த அண்டை வீட்டார், எந்தப் போர்வை, எந்த மருந்துப் பை, யாருக்கு அழைப்பு. கிடங்குக்காரனுக்கு இது ஒரு மாலை வேலை. மனைவி சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லையாம்.

10 மார்ச், திங்கள்

புக்கிட் மேரா பெரியவரை இன்று டோபி காட் வட்டாரத்துக்கு அழைத்துப் போனேன். எங்கள் குழு போகும் வீடுகளில் இவர்தான் மூத்த ஆள். 1960-களில் காலாட்படையில் சேர்ந்து, இந்தோனேசியா மலேசியாவோடு மோதிய கொன்ஃபிரன்டாசி காலத்தில் ஜோகூர்க் காட்டில் சுற்றுக்காவல் போனவர். 1965 பிப்ரவரியில் கோத்தா திங்கியில் இந்தோனேசியர்கள் பதுங்கித் தாக்கியபோது தோழர்களைப் பறிகொடுத்த படைப்பிரிவு அவருடையது. அவர் மேல் ஒரு கீறல் விழவில்லை. எதிரி எடுக்காத காலைச் சர்க்கரை எடுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இல்லை.

அதே கொன்ஃபிரன்டாசியில் இங்கே மெக்டோனல்ட் ஹவுஸில் குண்டு வெடித்து இன்றோடு 60 ஆண்டு. மூவர் உயிரிழந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். வேலை நாளில், வங்கி இருந்த கட்டடத்தில். எதிரே புல்வெளியில் நினைவுச்சின்னம் 2015-இல்தான் வந்தது, ஐம்பது ஆண்டு கழித்து. பெரியவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆர்ச்சர்ட் சாலையில் பை சுமந்து போகிறவர்களைப் பார்த்தபடி, "இந்தப் பக்கம் அப்போது நல்ல மீ கோரெங் கிடைக்கும்" என்றார்.

அவரைச் சக்கர நாற்காலியிலிருந்து காருக்கு மாற்றுவது ஒரு சடங்கு. நம் ராணுவத்தில் இன்றும் அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில்தான். நான் பிடித்ததும் அவரே "செடியா!" (விறைத்து நில்) என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு எண்பது வயது என்று யாரும் சொல்ல முடியாது. டாக்சி ஓட்டுநர், நடுத்தர வயதுச் சீனர், இருக்கையிலேயே விறைத்து நிமிர்ந்தார். பிறகு மூவரும் சிரித்தோம். வாடகையில் இரண்டு வெள்ளி குறைத்துக்கொண்டார்.

22 மார்ச், சனி

எழுதிவைத்த வரிசை எண்களுக்கு இன்று வேலை வந்தது.

மூன்றரை மணி இருக்கும். தம்பி ஏதோ நிரல் எழுதிக்கொண்டிருந்தவர், "தலை வலிக்கிறது அங்கிள்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். திரும்பிப் பார்த்தால் கழுத்துக்கு மேலே செக்கச்சிவந்து, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கைகளில் மயிர்க்கூச்சம். நாற்காலியை நிமிர்த்தினேன். இடுப்புப் பட்டையை அவிழ்த்தேன். பிறகு குழாய். பையில் ஒரு சொட்டும் புதிதாக இல்லை. தொடை வழியாகத் தடவிக்கொண்டு வந்தேன். கைப்பிடித் தட்டின் கீழே, மேசைக்கு நெருக்கமாக நாற்காலியைத் தள்ளியபோது, குழாய் இரண்டாக மடிந்து நசுங்கிக் கிடந்தது. எடுத்துவிட்ட நொடியில் பை நிறையத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் கச்சேரியில் கேட்டதில்லை.

ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருந்தோம். கால் மணி நேரத்தில் இறங்கியது. தாதி அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன். "தட்டின் கீழே ஒரு கொக்கி போட்டுக் குழாயைத் தனியாக மாட்டுங்கள்" என்றார். பாராட்டு எதுவும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

ஆறு மணிக்கு வந்த அம்மாவின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. நெடுநாளாகத் தள்ளிப்போட்ட கடைவாய்ப் பல்லை இன்று பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கல் பெஞ்சைத் தாண்டி அவர் போன முதல் இடம் பல் மருத்துவரிடம்!

16 ஏப்ரல், புதன்

பெரியவருக்கு இல்லாத காலில் வலி. விரல்கள் உள்ளே சுருண்டு நகம் குத்துகிறதாம். விரலே கிடையாது, ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவர் பல்லைக் கடிப்பதை மகள் பக்கத்து அறையில் கேட்கிறாள். மாத்திரை மயக்கத்தைத்தான் தருகிறது.

இயன்மருத்துவர் கண்ணாடிப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே நீளமான கண்ணாடியை நிறுத்த வேண்டும். நல்ல கால் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், போன கால் திரும்ப வந்து கிடப்பதுபோல் தெரியும். நல்ல பாதத்தை மெல்ல மேலும் கீழும் அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்க்க வேண்டும். தினமும் கால் மணி நேரம். இதை முதலில் கை இழந்தவர்களுக்காகப் பெட்டி வடிவில் செய்து பார்த்தவர் நம்மவர்: தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்து, அமெரிக்காவுக்குப் போன வி. எஸ். ராமச்சந்திரன். பின்னர் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் காலிழந்தவர்களிடம் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்குத் துணி போட்டு மூடிய கண்ணாடி, இன்னொரு சாராருக்குத் திறந்த கண்ணாடி. திறந்த கண்ணாடியைப் பார்த்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் வலி குறைந்தது.

இதையெல்லாம் பெரியவரிடம் விளக்கினேன். "தம்பி, என் மூளையை நானே ஏமாற்ற வேண்டும் என்கிறாய்" என்றார். ஆமாம் என்றேன். கண்ணாடியைப் பார்த்தார். வெகுநேரம் அசையவில்லை. பிறகு கட்டைவிரலை மட்டும் அசைத்தார், இரண்டு கட்டைவிரல்கள் அசைந்தன. "அட, திருடா" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

3 மே, சனி

பொதுத்தேர்தல். இரண்டு மணிக்குப் போய், தம்பியை வாக்குச் சாவடிக்கு உருட்டிக்கொண்டு போனேன். எந்தக் கட்சிக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்வதாகவும் இல்லை. பெரியவரின் மகள் செய்தி அனுப்பினாள்: வலி முழுதும் போகவில்லை, ஆனால் விடியற்காலை வரை தூங்குகிறார்.

14 ஜூன், சனி

லெங்கோக் பாருவில் இருக்கும் எனேபலிங் வில்லேஜுக்குத் தம்பியை அழைத்துப் போனோம், அம்மாவும் வந்தார். பழைய தொழிற்பயிற்சிக் கழகம் இருந்த இடத்தை உடற்குறையுள்ளோருக்காக 2015-இல் மாற்றியமைத்தது. எல்லா இடத்துக்கும் சரிவுப் பாதை. உதவிக் கருவிகளைத் தொட்டுப் பார்க்கவும் ஒரு கூடம் உண்டு. தம்பி கண்ணசைவால் இயங்கும் கணினிச் சுட்டியை முயன்று பார்த்து, "என் குச்சியே மேல்" என்று முடிவு செய்தார்.

வழியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் தொண்டூழியர் ஒருவர் ஜேசன் சீயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். 2012-இல் கடற்படைக் கப்பல் விபத்தில் இரு கால்களையும் இடக்கையையும் இழந்தவர், 2017-இல் கோலாலம்பூர் ஆசியான் உடற்குறையுள்ளோர் விளையாட்டுகளில் மேசைப்பந்தில் தங்கம் வென்றவர். தம்பி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். தனியாக இருந்தபோது என்னிடம் சொன்னார்: "அவர் பெரிய ஆள் அங்கிள். ஆனால் என்னைப் பார்க்கும் எல்லாரும் அவரைப் பற்றியே சொல்கிறார்கள். நடக்கிறவர்கள் எல்லாரிடமும் ஒலிம்பிக் வீரரைப் பற்றியா பேசுகிறார்கள்? எனக்கு வேலை வேண்டும். சம்பளம் வேண்டும். சம்பளத்தைப் பற்றி அலுத்துக்கொள்ள வேண்டும்."

முழுக்க முழுக்க நியாயம். அவர் விண்ணப்பத்தை உட்கார்ந்து சரிபார்த்தேன். கிடங்கில் எத்தனையோ பேருடைய பணி அறிக்கை எழுதியவன், பெருமையடிக்காமல் பெருமை சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியும்.

1 ஜூலை, செவ்வாய்

ஆயுதப்படை தினம். 1969 முதல் இதே தேதியில் நடக்கிறது. தொலைக்காட்சியில் அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டே, குழு அனுப்பிய கருத்துப் படிவத்தை நிரப்பினேன்.

மூன்றாவது கேள்வி: "இத்தொண்டால் உங்களுக்குக் கிடைத்த மனநிறைவை 1 முதல் 5 வரை மதிப்பிடவும்." எனக்கு எரிச்சலாக வந்தது. மனநிறைவு பரிமாறுவதற்கா அந்த வீட்டில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்? சில சனிக்கிழமைகளில் முதுகு வலிக்கிறது, சலிப்பாக இருக்கிறது, தம்பி முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மழை. ஆனாலும் இரண்டு மணிக்கு அந்த அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு, கைப்பையோடு தயாராக நிற்கிறார். நான் ஐந்து நிமிடம் பிந்தினால் அது அவருடைய ஐந்து நிமிடம். இதற்கு எந்த எண்ணைப் போடுவது? கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்து, "ஐந்து போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே" என்றாள். சீரகம் இப்போது அவள் வைத்த இடத்திலேயே இருப்பதால் வந்த தாராளம்.

கடைசியில் "பிற கருத்துகள்" என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு நகர்த்தும் வழுக்குப் பலகை இன்னும் ஒன்று வேண்டும், இருப்பதில் விரிசல் இருக்கிறது. குழாய்க் கொக்கியை மற்ற வீடுகளிலும் போட வேண்டும், மாதிரி என்னிடம் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு மின்தூக்கித் திட்டத்தின் நகல் தர வேண்டும். ஆகஸ்ட் 9 சனிக்கிழமையில் வருகிறது. தேசிய தினம், ஆள் கிடைப்பது சிரமம் என்று குழுவில் பேசிக்கொள்கிறார்கள். வேறு யாரையும் தேட வேண்டாம். அன்று நகரில் சாலைகளை மூடிவிடுவார்கள், ஆகவே எம்ஆர்டி ரயிலில் வருகிறேன்.