தினம் 1.5 ஜிபியில் லினக்ஸ் மின்ட்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. போன் ஹாட்ஸ்பாட்தான், தினம் 1.5 ஜிபி. அக்கா மகளின் லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 11-ஐப் போடலாமென்றால் பழைய பிராசஸர் இடம் கொடுக்கவில்லை. "ஸ்கூல்ல இருக்கற மாதிரி லினக்ஸே போட்டுக் குடுங்க மாமா" என்றாள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம் அது. கேரளப் பள்ளிகளுக்கென வந்த கைட் லினக்ஸில் பழகிய பிள்ளை, அதனால் பயமில்லை.

டேட்டா குறைவு என்றால் எல்லோரும் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் சிறிய நிறுவல் கோப்பான நெட்இன்ஸ்டைத்தான் கைகாட்டுவார்கள், ஒரு ஜிபிக்கும் குறைவு என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. டெஸ்க்டாப் முழுவதையும் அது நிறுவும் நேரத்தில்தான் நெட்டிலிருந்து இழுக்கும். நடுவில் அன்றைய அளவு தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்; மணிக்கு 29 எம்பிகூடத் தேறாது. இயங்குதளம் முழுவதும் ஒரே கோப்பாக வரும் பெரிய ஐஎஸ்ஓவோ பாதியில் நின்றாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். இன்னொரு லினக்ஸான உபுண்டு 24.04 ஆறு ஜிபியை நெருங்குவதால் அதை விட்டு, மூன்று ஜிபிக்குள் அடங்கும் லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுத்தேன்.

என் கம்ப்யூட்டரில் டபிள்யூகெட் என்ற இறக்கும் கட்டளை, கூடவே விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லும் மைனஸ் சி. ராத்திரி 11 மணிக்கு மேல் ஓடவிட்டால் அன்றைய மிச்சமும் தீரும், 12 மணிக்கு வரும் புது அளவும் சேரும். மறுநாள் அம்மாவுக்கு யூடியூப் கிடையாது. அந்த வசவு தனிக்கணக்கு.

இறங்கி முடிந்ததும், கோப்பு பிசகாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 குறியீட்டை மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பொருந்தவில்லை. முழுவதையும் மறுபடி இறக்கத் தேவையில்லை. மின்ட் தளத்தில் அதே ஐஎஸ்ஓவுக்கு, துண்டு துண்டாகச் சரிபார்த்து இறக்கும் டோரண்ட் உண்டு. அதை டிரான்ஸ்மிஷன் என்ற டோரண்ட் மென்பொருளில் சேர்த்து, ஐஎஸ்ஓ கிடக்கும் ஃபோல்டரையே காட்டி, சரிபார்க்கச் சொன்னேன். பச்சைக் கோடு விறுவிறுவென ஏறி 99 சதவீதத்தைத் தாண்டி நின்றது. கெட்டுப்போன துண்டுகள் மட்டும், சில எம்பி, திரும்ப இறங்கின. அப்புறம் அந்தக் குறியீட்டின் 64 எழுத்தும் அச்சுப் பிசகாமல் பொருந்தின.

ஐஎஸ்ஓவிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்க வைக்கும் வென்டாய் போட்ட பென்டிரைவில் ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்து, ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு நிறுவினேன். வீடியோ, பாட்டு ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும் டிக்கைப் போடவில்லை. அதைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம். மற்றபடி இந்தக் கட்டத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

டேட்டாவை நிஜமாகத் தின்பது அதற்குப் பின் வரும் அப்டேட்தான். மொத்தமாக விடாமல், பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் முதலில் டிக் செய்தேன். வன்பொருளை இயக்க உதவும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் ஒன்றே சில நூறு எம்பி, அது வேறொரு ராத்திரிக்கு. ஒரு விஷயம்: மின்ட் அப்டேட் மேனேஜர் வேலை முடிந்ததும் இறக்கிய டெப் கோப்புகளை (அப்டேட் பொதிகளை) தானே அழித்துவிடக்கூடும். அதனால் டெர்மினலில் ஆப்ட்-கெட் கட்டளையை, நிறுவாமல் இறக்க மட்டும் சொல்லும் டவுன்லோட்-ஒன்லி சேர்த்து ஓட்டி, வார், கேஷ், ஆப்ட், ஆர்கைவ்ஸ் ஃபோல்டரில் சேர்ந்ததைப் பென்டிரைவுக்கு எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுத் தம்பியும் இதே மின்ட் 22 கேட்டிருக்கிறான். அவன் மெஷினில் அதே ஃபோல்டரில் இவற்றைப் போட்டால், பதிப்பு மாறாதவரை பட்டியலைப் புதுப்பிக்கும் டேட்டா மட்டும்தான் செலவு.