டிஸ்ஃபேஜியாவா, டிஸ்ஃபேசியாவா?

ஒரே வரியை ஏழாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் அக்கா மகள். காதில் ஹெட்போன், கால் பெடலில். டக். ஒலி கொஞ்சம் பின்னால் போகும். மறுபடியும் டக்.

திரையில் 'டிஸ்ஃபேசியா' என்று அடித்திருந்தாள். அது பேச்சில் வரும் சிக்கல். டாக்டர் சொன்னதோ 'டிஸ்ஃபேஜியா'. விழுங்குவதில் சிரமம்.

ஓர் எழுத்துதான். நோயாளியின் தொண்டையை விட்டுவிட்டு மூளைக்குப் போய்விட்டாள்!

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு அப்படியே அடிக்கிற வேலை, அதாவது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அதை ஆன்லைனில் படிக்கிறாள். நேரடி வகுப்பில் சேர்ந்திருக்கலாமோ என்று இப்போது சந்தேகம்.

இது தனியாக உட்கார்ந்து காதால் பிழைக்கிற வேலை. அதற்கு ஆன்லைன் நல்ல ஒத்திகைதான். உடற்கூறியல், மருந்துப் பெயர்கள் எல்லாம் வீட்டிலேயே படித்துவிடலாம்.

ஆனால் காதில் விழுந்தது 'ஃபிஃப்டீன்' மில்லிகிராமா, 'ஃபிஃப்டி'யா என்று தடுமாறும்போது, "ஊகிக்காதே, இடத்தைக் காலியா விட்டுக் குறிச்சு வை" என்று சொல்ல ஒருவர் வேண்டும். வீடியோ பார்த்து அந்தப் பழக்கம் வருமா என்ன?

இப்போது பல இடங்களில் முதல் வரைவைக் கணினியே அடித்துவிடுகிறது. ஆளுக்கு மிஞ்சுவது பிழை பிடிப்பது. அதனால் ஆன்லைனோ நேரடியோ, ஃபீஸ் கேட்பதற்கு முன் நான் கேட்பது இதுதான்: அடித்ததை யார் திருத்துவார்கள்?

அவளிடமும் கேட்டேன்.

"திருத்தறதா? மார்க் மட்டும்தான் வரும், சித்தி."

டக்.