ஸ்பகெட்டி ஸ்குவாஷ்: இட்லி பானையில ஆரம்பிச்சு அத்தோ வரைக்கும்

ஸ்பகெட்டி ஸ்குவாஷ் கேள்விப்படாதவங்களுக்காக மொதல்ல ஒரு ரெண்டு வரி. வெளிய நல்ல மஞ்ச கலர், தோல் கெட்டியா இருக்கும், வெந்ததுக்கு அப்புறம் உள்ள இருக்கற சதைய முள்கரண்டியால சொரண்டினா நூல் நூலா பிரிஞ்சி வரும். பரங்கிக்காய்க்கு தூரத்து சொந்தம், சுக்கினிக்கு கூடப்பொறந்தது, ரெண்டும் ஒரே இனம்தான். எங்க மாமா பெரியபாளையம் பக்கம் கொஞ்சம் நெலம் வெச்சிருக்காரு, விதை ஆன்லைன்ல வாங்கி குடுத்தேன், கார்த்திகை மழை விட்டதும் போட்டாரு, மூணு மாசத்துக்கு மேல ஆச்சி காய் முத்தறதுக்கு. நகத்தால அழுத்தினா தோல்ல கீறல் விழக்கூடாது, அப்பதான் பறிக்கணும். பறிச்சத தண்டையார்பேட்டைக்கு மூட்டையா அனுப்பி வெச்சிட்டாரு, பங்குனி முழுக்க எங்க வீட்டு கிச்சன்ல இதான் வேலை.

நெட்ல பாத்தீங்கன்னா எல்லாரும் நீளவாக்குல ரெண்டா வெட்டி ஓவன்ல 200 டிகிரில முக்கா மணி நேரம் வைங்கறாங்க. எங்க வீட்ல ஓவன் கெடையாது, நம்ம ஊர்ல முக்காவாசி வீட்ல கெடையாது, அதனால இட்லி பானைதான். இதுல ஒரு விஷயம் தெரிஞ்சிக்கங்க, உள்ள இருக்கற நூல் காய்க்கு குறுக்கால சுத்தி சுத்தி ஓடுது, மேல இருந்து கீழ ஓடல. அப்ப நீளவாக்குல வெட்டினா ஒவ்வொரு நூலும் ரெண்டு துண்டாயிடும். வளையம் வளையமா குறுக்கால வெட்டினா நல்லா நீளமா வரும். ஒன்ற இஞ்ச் கனத்துக்கு வளையம், நடுவுல விதையும் சோறும் வழிச்சி எடுத்துட்டு, இட்லி தட்டுல அடுக்கி பதினஞ்சு நிமிஷம் ஆவில வேக வைங்க. முள்கரண்டி குத்தினா எறங்கணும் ஆனா கொஞ்சம் தடுக்கணும், அங்கயே அடுப்ப நிறுத்திடுங்க. குக்கர்ல போட்டா ஒரு விசில் வர்றதுக்குள்ளயே கொழகொழன்னு ஆயிடுது, நூலா வராம மசியலா வருது, கூட்டு வேணும்னா ஓகே மத்ததுக்கு வேணாம்.

வெட்டினதும் பச்சையா ஒரு சின்ன துண்டு நாக்குல வெச்சி பாருங்க. கசந்தா மொத்த காயையும் தூக்கி போட்டுடணும், சமைச்சாலும் அந்த கசப்பு போகாது, வயித்துக்கு கெடுதல். சுரக்காய் கசந்தா நம்ம பெரியவங்க தூக்கி போடுவாங்களே அதே காரணம்தான். சொந்தமா விதை எடுத்து போடறவங்க கண்டிப்பா பாக்கணும், பக்கத்துல வேற பூசணி வகை பூத்திருந்தா தேனீ கலந்து விட்டுடும்.

இப்ப டேஸ்ட்டுக்கு வரேன், இதுக்காகத்தான் எழுதவே ஒக்காந்தேன். இந்த காய்க்குன்னு தனியா பெரிய டேஸ்ட் இல்ல. லேசா ஒரு இனிப்பு, லேசா ஒரு பச்சை வாசம், மீதி எல்லாம் தண்ணி, பத்துல ஒம்பது பங்கு தண்ணிதான். பேரு ஸ்பகெட்டின்னு இருக்கறதால எல்லாரும் தக்காளி சாஸ், சீஸ்னு போறாங்க, நானும் தக்காளி பூண்டு சாஸ் போட்டு பண்ணேன், சாப்பிடலாம், ஆனா தட்டுக்கு அடியில செவப்பா தண்ணி தேங்கி நிக்குது, சாஸ் ஒரு பக்கம் நூல் ஒரு பக்கம். யோசிச்சி பாத்தா காரணம் இருக்கு. நெஜ பாஸ்தா மாவுல செஞ்சது, வேக வெச்ச தண்ணில கஞ்சி எறங்கும், அந்த கஞ்சிதான் சாஸ புடிச்சி ஒட்ட வைக்குது. இந்த காய்ல அந்த மாவுச்சத்து இல்ல, உப்பு பட்டா இன்னும் தண்ணி விடுது. அப்ப இதுக்கு என்ன போட்டாலும் ரெண்டு வேலை நடக்கணும், ஒண்ணு தண்ணிய இழுக்கணும், ரெண்டு அந்த லேசான இனிப்ப வெட்டணும்.

இத மனசுல வெச்சிக்கிட்டா எது செட் ஆகும் எது ஆகாதுன்னு முன்னாடியே தெரிஞ்சிடுது. தேங்காப்பால் ஊத்தி சொதி மாதிரி பண்ணேன், இனிப்பு மேல இனிப்பு, தண்ணி மேல தண்ணி, இன்னொரு வாட்டி பண்ண மாட்டேன். கடுகு உளுத்தம்பருப்பு தாளிச்சி தேங்கா போட்டு பொரியல், சுமாரா நல்லா இருக்கு, அம்மாவுக்கு சுகர் இருக்கறதால சோத்த கம்மி பண்ணிட்டு இத நெறைய சாப்ட்டாங்க, வெந்த பாஸ்தா 100 கிராம்ல 30 கிராம் கிட்ட கார்போஹைட்ரேட், இதுல ஆறு ஏழு கிராம்தான். புளிக்காச்சல் போட்டு கிளறினது ரொம்பவே நல்லா வந்துச்சி, நல்லெண்ணெய், வேர்க்கடலை, வெந்தயப் பொடி எல்லாம் நூல்ல நல்லா ஒட்டிக்கிச்சி, அப்பவே புளிப்புதான் இதுக்கு ஜோடின்னு புரிஞ்சி போச்சி.

காசிமேட்டுல நல்ல எறா கெடச்சப்ப மொளகு பூண்டு போட்டு சுருள வறுத்து, கடைசில நூல சேத்து பெரட்டி எலுமிச்சம்பழம் புழிஞ்சேன். எறாவுலயும் இனிப்பு இருக்கறதால செட் ஆகுமான்னு சந்தேகமா இருந்துச்சி, மொளகும் எலுமிச்சையும் அத சரி பண்ணிடுச்சி. அப்புறம் ஏப்ரல் 15ல மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சிடுச்சி, ஜூன் 14 வரைக்கும் பெரிய போட்டு எதுவும் கடலுக்கு போகாது, இருக்கற மீனும் யானை வெலை. அதனால நெத்திலி கருவாடு. தலைய கிள்ளி சுடுதண்ணில அலசி, மொறுமொறுன்னு வறுத்து, சின்ன வெங்காயம் பச்ச மொளகா கூட நூல்ல கலந்தா அவ்ளோ நல்லா இருக்கு. கருவாட்டுல இருக்கற உப்பே போதும், தனியா போடாதீங்க.

ஆனா மொத்தத்துல ஜெயிச்சது அத்தோ, அதாவது பர்மா ஸ்டைல் நூடுல்ஸ் கலவை. இத சொன்னது நான் இல்ல, எங்க கீழ் வீட்டு பெரியம்மா. அவங்க வியாசர்பாடி பி.வி. காலனில வளந்தவங்க, அவங்க அம்மா அப்பா 1960கள்ல பர்மாவ விட்டு கப்பல்ல வந்த குடும்பம். நான் தக்காளி சாஸ் ஊத்திட்டு இருந்தத பாத்துட்டு, "இன்னாடி, நூலு மாதிரி இவ்ளோ அழகா வந்துருக்கு, இதுக்கு போய் தொக்கு ஊத்தற. இரு, வறுத்த கடல மாவு வெச்சிருக்கேன், எடுத்தாறேன்"ன்னு போய் ஒரு டப்பாவோட வந்தாங்க. பீச் லைன்ல பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட்டவங்களுக்கு தெரியும், நூடுல்ஸ், முட்டைகோஸ், புளித்தண்ணி, பூண்டெண்ணெய், வறுத்த வெங்காயம், மொளகா தூள், கடல மாவு, மேல பேஜோவ (தட்டை மாதிரி மொறுமொறுன்னு இருக்கறது) நொறுக்கி போட்டு கையாலயே பெசஞ்சி குடுப்பாங்க. அந்த கடல மாவு இருக்கே, அது தண்ணிய சட்டுனு இழுத்து புளியையும் எண்ணெயையும் நூல்ல ஒட்ட வெச்சிடுது. மேல சொன்ன ரெண்டு வேலையும் ஒரே தட்டுல முடிஞ்சிடுச்சி!

பூண்டெண்ணெய் மட்டும் நிதானமா பண்ணணும். ஒரு கை பூண்ட மெல்லிசா சீவிக்கங்க, கடலெண்ணெய் சூடாகறதுக்கு முன்னாடியே போட்டு சின்ன தீயில வைங்க. மொதல்ல சலசலன்னு நொரை கட்டும், அப்புறம் சத்தம் கொறையும், ஓரம் எல்லாம் வைக்கோல் கலர் வந்த ஒடனே கரண்டியால அள்ளிடணும், எடுத்ததுக்கு அப்புறமும் கலர் ஏறிக்கிட்டே இருக்கும், பொன்னிறம் வரட்டும்னு காத்திருந்தா கசந்துடும். அதே எண்ணெய்ல வெங்காயம். நூல வடிகட்டில பத்து நிமிஷம் ஆற விட்டு, கையால லேசா புழிஞ்சி, அகலமான பாத்திரத்துல கொட்டி மொதல்ல கடல மாவு தூவுங்க, ரெண்டு வளையத்துக்கு ரெண்டு ஸ்பூன் போதும், அப்புறம் கெட்டி புளிக்கரைசல், பூண்டெண்ணெய், இடிச்ச காஞ்ச மொளகா, பொடியா சீவின முட்டைகோஸ், உப்பு கடைசில. பேஜோவுக்கு பதிலா தட்டை நொறுக்கி போட்டோம். பெசஞ்ச ஒடனே சாப்பிடணும், பத்து நிமிஷம் வெச்சா மறுபடி தண்ணி விட ஆரம்பிச்சிடும். சுடச்சுட வேணாம், ஆறின நூல்லதான் அந்த நறுக்குத்தன்மை நிக்குது.

அப்புறம் தேடி படிச்சப்ப ஒண்ணு தெரிஞ்சிது. ஜப்பான்ல இந்த காய வளையமா வெட்டி வேக வெச்சி, பச்சத்தண்ணில போட்டு நூல பிரிச்சி, வினிகர் சோயா சாஸ் ஊத்தி ஜில்லுனு சாப்பிடறாங்களாம். ஷாங்காய் பக்கத்துல சோங்மிங் தீவுல ஜெல்லிமீன் கூட கலந்து நல்லெண்ணெய் விட்டு சாலட் பண்றாங்க. ரெண்டு ஊர்லயுமே இத பாஸ்தாவா பாக்கல, நறுக்குன்னு கடிக்கற ஒரு காயாத்தான் பாத்துருக்காங்க, பெரியம்மா கை வெச்சதும் அதே வழிலதான்.

வேக வெச்ச நூல் மிச்சம் இருந்தா டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் வைக்கலாம், ஃப்ரீசர்ல வெச்சா எடுத்தப்ப சொதசொதன்னு ஆயிடுது. முழு காய்னா வெளியவே இருக்கும், ஈரம் படாம காத்தோட்டமா வைங்க, காம்பு ஒடையாம இருந்தா ரொம்ப நாள் தாங்கும். விதைய கழுவி உப்பு மஞ்சத்தூள் போட்டு வாணல்ல வறுத்தா டீக்கு நல்ல கொறிப்பு.

இன்னும் ஒரு காய் மிச்சம் இருக்கு. அத்தோ கூட குடிக்கற வாழத்தண்டு சூப்ல இந்த நூல போட்டு பாக்கலாம்னு பெரியம்மா சொல்றாங்க, எனக்கு கொழைஞ்சிடுமோன்னு இருக்கு, அதனால சூப்ப தனியா காய்ச்சி நூல கிண்ணத்துல வெச்சி மேல ஊத்திக்கலாம்னு பேசி வெச்சிருக்கோம். வாழத்தண்டு வாங்கியாச்சி, ஞாயித்துக்கெழமை பண்றோம்.