ஏற்காட்டுச் சுவருக்குப் பலகையா, வினைலா?

ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் மாமனார் வைத்துவிட்டுப் போன சின்னக் காட்டேஜ் ஒன்று எங்களுக்கு இருக்கிறது. செங்கல் சுவர், மங்களூர் ஓடு, பின்னால் கொஞ்சம் காப்பிச் செடி. மேற்குச் சுவரில் பூச்சு உதிர ஆரம்பித்ததும், மறுபடி மறுபடி பூசுவதற்குப் பதில் வெளியே பலகை மாதிரி ஏதாவது அடித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. உடனே இரண்டு கட்சி. எங்க வீட்டுக்காரர் வினைல், அதாவது பிவிசி பிளாஸ்டிக் பட்டை; நான் மரம்.

அவர் அந்தக் கட்சிக்குப் போகக் காரணம் என் நாத்தனார். டொராண்டோ பக்கம் வீடு. வெளிச்சுவர் முழுக்க வினைல் பட்டைதான். பெயின்ட் வேண்டாம், கரையான் பயம் இல்லை, எப்போதாவது ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்தால் போதும் என்று வீடியோ காலில் சுற்றிக் காட்டினாங்க. எல்லாம் உண்மைதான். ஆனால் அது மரச்சட்டத்தில் நிற்கிற வீடு. சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் ஈரம் புகாத தாள், கடைசியாகத்தான் வினைல். மழையையும் பனியையும் முதலில் வாங்கிக்கொள்ள ஏதாவது ஒன்று அங்கே வேண்டும். நமக்கோ முக்கால் அடி செங்கல் சுவர் ஏற்கெனவே நிற்கிறது. அங்கே அது மேல்சட்டை, இங்கே பொன்னாடை.

சேலத்துக் கடைகளில் "வெளிச்சுவருக்கு வினைல் இருக்குங்களா?" என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் பிவிசி பேனல்தான். ஃபால்ஸ் சீலிங்குக்கும் ஹால் சுவருக்கும் அடிப்பார்களே, அது. உள்ளே வெறும் பொந்து, மேல் தோல் மெல்லிசு, கட்டை விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. "வெளியே தாராளமா அடிக்கலாங்க மேடம், வாட்டர் ப்ரூஃப்" என்றார் ஒரு கடைக்காரர். வெயிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெளிச்சுவருக்கென்று செய்கிற வினைலில் புற ஊதாக் கதிரைத் தாங்க டைட்டானியம் டையாக்சைடு சேர்ப்பார்கள். உள் அலங்காரத்துக்கு வந்த பேனலை வெளியே அடித்தால் மஞ்சளித்து, நாளடைவில் நொறுங்கும்.

சரி, அசல் சரக்கே கிடைத்தாலும் அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். 12 அடிப் பட்டை ஒன்று குளிருக்கும் வெயிலுக்கும் நடுவே அரை அங்குலம் வரை நீண்டு சுருங்கும். அதனால்தான் ஆணித் துளையை நீளவாக்கில் விட்டிருப்பார்கள். துளையின் நடுவில் ஆணியை இறக்கி, தலையை இறுக்காமல், பட்டை அசைகிற மாதிரித் தொங்கவிட வேண்டும். நம்ம ஊர் ஆள் "ஆடுதுங்களே" என்று கடைசி ஸ்குரூ வரை முறுக்கிவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்குவார். அடுத்த வெயிலுக்குப் பட்டை உப்பிக்கொண்டு நிற்கும்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், 30 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது வினைல் படுகிற பாடு மேலே இல்லை. மரத்துக்கு ஆகாத ஈரம்தான் இங்கே தாராளம்: தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை, அது ஓய்ந்தால் பனிமூட்டம். ஊர்க் கணக்குப்படி பார்த்தால் வீட்டுக்காரர் கட்சிதான் ஜெயிக்க வேண்டும்.

கணக்கை மாற்றியது எங்க ஆசாரி. மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மணி, செவுரு ஈரமா கெடக்குது. எதைக் கொண்டாந்து மூடினாலும் உள்ளாற புழுங்கிப் போகும்" என்றார். கூரையோரத் தகரம் ஒழுகி, தண்ணீர் சுவரிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் பேனலை ஒட்ட ஒட்டியிருந்தால் வெளியே பளபளப்பு, உள்ளே பூஞ்சை. முதலில் ஒழுகலை அடைக்கணும், சுவர் காயணும். அப்புறம் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குலம் காற்று ஓட இடம் விட்டு, நெட்டுக்குத்தாக ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, அதன் மேல்தான் பலகை. மேலேயும் கீழேயும் திறப்பு, அதில் எலியும் குளவியும் நுழையாமல் துருப்பிடிக்காத எஃகு (எஸ்.எஸ்.) வலை. பலகை எதுவானாலும் இந்த இடைவெளி இல்லாமல் உருப்படாது என்பது எனக்கு அன்றைக்கு விளங்கியது.

என்ன மரம் என்பதற்கு எஸ்டேட் பக்கம் எல்லோரும் சொல்வது சில்வர் ஓக். காப்பிக்கு நிழலாக மலை முழுக்க நிற்கிறது, மிளகுக் கொடி ஏறுவதும் அதில்தான். ஆசாரி ஒத்துக்கொள்ளவே இல்லை. வீட்டுக்குள் அலமாரிக்கு ஆகும், மழையில் நின்றால் சீக்கிரம் உளுத்துவிடுமாம். தேக்கு எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது. பலா என்று முடிவானது, அதிலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதி மட்டும். வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர் மரம், ஒட்டியிருந்தால் வண்டு துளைத்து மாவு கொட்டும்.

ஆசாரி ஒரு துண்டுப் பலாப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அதன் அகலப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். முத்தாக அப்படியே நின்றது. பலகையை நிமிர்த்தி, அறுத்த முனையில் ஒரு சொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது. மரம் தண்ணீர் குடிக்கிற வாய் அந்த முனைதான். ஆகவே அறுக்க அறுக்க உடனுக்குடன் முனைக்கு எண்ணெய் காட்ட வேண்டும், அதுவும் இரண்டு தடவை. தரையிலிருந்து எட்டு அங்குலமாவது தள்ளித்தான் முதல் பலகை. இல்லாவிட்டால் ஓட்டுத் தண்ணீர் தெறித்தே அடி அழுகும். இரும்பாணி கூடாது, துரு கறுப்பாக வழியும். வார்னிஷும் வேண்டாம்; வெயிலில் தோல் தோலாக உரிந்தால் முழுக்கச் சுரண்டணும். எண்ணெய் என்றால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மேலாகத் தடவினால் போதும். தடவாமல் விட்டால் சாம்பல் நிறமாகும். எனக்கு அந்த நிறமும் பிடிக்கும்.

பராமரிப்பு வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குரங்கு தாவி ஒரு பலகை பிளந்தால், அந்த ஒன்றை மட்டும் கழற்றி வேறொன்றை இழைத்து மாட்ட உள்ளூரிலேயே ஆள் இருக்கிறார். வினைல் பட்டை ஒன்று உடைந்தால் அடுத்த வருஷம் அதே டிசைனும் அதே கலரும் கடையில் இருக்குமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அதற்குத்தான் அவரிடம் பதில் இல்லை.

முன்பக்கத்துக்கும் மேற்குக்கும் பலா. மற்ற இரண்டு சுவரும் பூச்சோடு அப்படியே இருக்கட்டும். குளியலறை உள்சுவருக்குப் பிவிசி பேனல் அடிக்க நானும் ஒத்துக்கொண்டிருக்கிறேன், கலர் அவர் இஷ்டம்.