திருகோணமலையில் இருந்துகொண்டே போஸ்ட்டொக் தேடியது

இந்தியாவில் பழ ஈயை வைத்து முனைவர் பட்டம் முடித்துவிட்டு உப்புவெளியில் இருக்கிற வீட்டுக்கே வந்துவிட்டேன். போஸ்ட்டொக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிறகு செய்கிற ஆய்வு வேலை, அதற்கான விண்ணப்பம் எல்லாம் இங்கிருந்துதான் போட்டேன். முளையம் எப்படி உடலாக வளர்கிறது என்று ஆராயும் விருத்தி உயிரியலில் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஊரில் ஆள் கிடைக்கவில்லை, அடுத்து வருகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். "இன்னும் படிக்கப் போறியா மகள்?" என்று அம்மாவே கேட்டார். படிப்பு இல்லை அம்மா, சம்பளத்தோடு ஒப்பந்தத்தில் செய்கிற ஆய்வு வேலை.

பேராசிரியருக்கு எழுதுகிற முதல் மின்னஞ்சல்தான் எல்லாவற்றிலும் முக்கியம். எனக்குத் தெரிந்த நுட்பங்களைக் கடைசி வரியில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை எழுதினேன். ஸீப்ரா மீன் முளையத்தில் 28.5 பாகை வெப்பநிலையில் ஏறக்குறைய அரை மணித்தியாலத்துக்கு ஒரு சோடி சோமைட் (முதுகு நெடுக வரிசையாக வரும் திசுத் துண்டு) உருவாகும், கோழியில் 90 நிமிடம், எலியில் 2 மணித்தியாலம், மனிதரில் 5 மணித்தியாலம் அளவில். முள்ளந்தண்டு என்புகளும் முதுகுத் தசைகளும் பிறகு இந்தச் சோமைட்டுகளில் இருந்துதான் வருகின்றன. கலங்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடவேண்டும், தலைப்பக்கத்தில் இருந்து வால் நோக்கி ஓர் அலைமுகம் நகரவேண்டும், கடிகாரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அது கடக்கும் துண்டே ஒரு சோமைட் என்று குக்கும் ஸீமனும் 1976இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள், 1997இல்தான் கோழி முளையத்தில் ஒரு ஜீனின் செயற்பாடு கடிகாரம் போலவே ஏறி இறங்குவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். இதை வாசிக்கும்போது எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கும். ஸீப்ரா மீனில் பக்கத்துப் பக்கத்துக் கலங்கள் நொச் (Notch) என்கிற, தொட்டுக்கொண்டிருக்கும் கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞை மூலம் தங்கள் கடிகாரங்களின் தாளத்தை ஒன்றுசேர்க்கின்றன. நான் பழ ஈயின் சிறகில் பார்த்ததும் அதே நொச். சரி, சில கலங்களில் மட்டும் தாளம் பிந்தினால் சுற்றியுள்ள கலங்கள் அவற்றை இழுத்துச் சேர்த்துக்கொள்ளுமா? இதுதான் என் கேள்வி. விலங்கு மாறினாலும் கேள்வி தொடர்ந்ததால் "மீனில் அனுபவம் இல்லையே" என்று யாரும் ஒதுக்கவில்லை.

பதிலே வராத மின்னஞ்சல்கள் நிறைய. ஜேர்மனியில் ஒரு ஆய்வுகூடம் நேர்முகத்துக்கு அழைத்தது. உவர்மலையில் சித்தி வீட்டு இணைப்பு நல்லது என்று அங்கே போய் உட்கார்ந்தேன், அங்கே காலை பத்து என்றால் இங்கே பகல் ஒன்றரை, வெயில் கொளுத்தியது. அந்த ஆய்வுகூடப் பேராசிரியர் கேட்டது இது: "சோமைட் பெரிதாகிவிட்டால், கடிகாரம் மெதுவானதா, அலைமுகம் வேகமாக நகர்ந்ததா என்று எப்படிப் பிரித்தறிவீர்கள்?" பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் மார்க்கரால் வால்பகுதியை வரைந்து கமராவுக்குக் காட்டினேன். சோமைட்டின் நீளம் கடிகாரத்தின் ஒரு சுற்று நேரத்தையும் அலைமுகத்தின் வேகத்தையும் பெருக்கினால் வருவது, ஆகவே ஒரே முளையத்தில் இரண்டையும் தனித்தனியாக அளக்கவேண்டும், வெப்பநிலையைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே மெதுவாகி நீளம் பெரிதாக மாறாது, அதை ஒப்பீட்டுக்கு வைக்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் என் சிவியைப் பற்றிக் கேட்கவே இல்லை, பேச்சு முழுக்கப் பரிசோதனைதான்.

பணம் அடுத்த விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி ஸ்க்ளொடொவ்ஸ்கா-கியூரி புலமைப்பரிசிலுக்குத் தனியாகப் போட முடியாது, ஏற்கும் நிறுவனத்தோடு சேர்ந்தே போடவேண்டும். கடைசி 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நிறுவனம் இருக்கிற நாட்டில் இருந்திருக்கவும் கூடாது, இது நமக்குச் சாதகம். முடிவுத் திகதி வழக்கமாக செப்டெம்பரில் வரும், முடிவு தெரிய அடுத்த பெப்ரவரி ஆகிவிடும், அதனால் மார்ச், ஏப்ரலிலேயே ஆய்வுகூடங்களுக்கு எழுதத் தொடங்குங்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. மனம் உடைந்துதான் போனது, அப்புறம் அதே ஆய்வுகூடம் தன் நிதியில் இடம் தந்தது.

ஒப்புக்கொள்வதற்கு முன் அங்கிருந்து வெளியேறியவர்களோடு கட்டாயம் பேசுங்கள். போகிறவர் தன் ஆய்வைக் கூடவே எடுத்துப்போகப் பேராசிரியர் விடுவாரா என்பதுதான் நான் முதலில் கேட்டது. ஒருவர் தான் உருவாக்கிய மீன் வகைகளையும் கொண்டுபோனதாகவும் பேராசிரியரே அதற்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார். அதைக் கேட்ட பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.