கோடு நகர்ந்தது, ஆனால் புரதமா?

ஒளிரும் சாயம் எதையும் ஏற்றாமல், ஒரு புரதம் இன்னொன்றோடு பிணைவதை ஒளியைக் கொண்டே பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த வேலை அதுதான். வழி, மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு: குறிப்பிட்ட ஒரு கோணத்தில் விழும் ஒளியின் ஆற்றலை உலோகப் பரப்பின் எலக்ட்ரான்கள் வாங்கிக்கொள்ளும், பரப்பில் ஏதாவது ஒட்டினால் அந்தக் கோணம் நகரும். 1968-இல் இயற்பியலாளர்கள் ஓட்டோவும் கிரெட்ச்மனும் தனித்தனியே காட்டிய ஒளியியல் இது. 1983-இல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் இதை உயிரியல் உணரியாக்கிக் காட்டினார்கள்.

கண்ணாடித் தகட்டில் 2 நானோமீட்டர் குரோமியம், அதன்மேல் 50 நானோமீட்டர் தங்கம். குரோமியம் இல்லாவிட்டால் தங்கம் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளாது, நீர் பட்டதும் உரியும். வெற்றிட அறை பொறுமையைக் கேட்குமே தவிர மூளையைக் கேட்பதில்லை.

முப்பட்டகத்தின் அடியில் தகட்டைப் பொருத்தி, 633 நானோமீட்டர் சிவப்பு லேசரைச் செலுத்திக் கோணத்தைத் திருப்பினால், ஓரிடத்தில் எதிரொளி இருண்டுவிடும். தங்கத்தின் மறுபுறம் காற்று இருந்தால் 44 டிகிரிக்கு அருகில். நீர் இருந்தால் 72-க்கு அருகில். சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நானோகிராம் புரதம் படிந்தால் அந்த இருட்டு ஏறக்குறைய 0.1 டிகிரி நகரும்.

தங்கத்தின்மேல் இரத்தப் புரதமான அல்புமினைப் பிணைத்து, அதைத் தேடிப் பற்றும் புரதமான ஆன்டிபாடியைப் பாய்ச்சியதும், இருட்டுக் கோணத்தை நேரத்தோடு வரையும் கோடு துள்ளி ஏறியது. வெறும் பஃபரை (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) விட்டதும் பாதிக்குமேல் இறங்கிவிட்டது! ஆன்டிபாடி வந்த குப்பியில் கிளிசரால் இருந்தது. அதன் ஒளிவிலகல் எண் நீரைவிட அதிகம் என்பதால், எதுவும் ஒட்டாமலேயே கோணம் நகரும். புரதம் ஒட்டுவதும் கரைசல் மாறுவதும் கருவிக்கு ஒன்றுதான். ஏசி ஓடி நிற்பதும் இதே வம்பைச் செய்தது: ஒரு டிகிரி வெப்பநிலை மாற்றம் நீரின் ஒளிவிலகல் எண்ணைச் சுமார் 0.0001 மாற்றும், மெல்லிய பிணைப்பை அது விழுங்கிவிடும். குமிழி வந்தால் அளவீடே போச்சு.

வழிக்குக் கொண்டுவந்தது இரண்டாவது தடம், அதாவது கரைசல் பாயும் இன்னொரு பாதை. அதில் அல்புமினுக்குப் பதில் இந்த ஆன்டிபாடி பற்றாத முட்டைவெள்ளைப் புரதம், மற்றவை அப்படியே. இரண்டிலும் ஒரே கரைசலைப் பாய்ச்சி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிளிசராலும் ஏசியும் பெரும்பாலும் ஒழிந்துபோகும். கழித்தபின் எஞ்சிய ஏற்றம் ஆரம்பத் துள்ளலில் சிறு பங்கே, பார்க்கப் பரிதாபமாக இருந்தது. ஆனால் பஃபரில் கழுவியும் அது இறங்கவில்லை. பிணைப்பை அவிழ்க்கும் அமிலமான பிஹெச் 2 கிளைசின் கரைசலை விட்டதும் முழுதாக விழுந்து அடிக்கோட்டைத் தொட்டது. மறுபடி ஆன்டிபாடியை விட்டேன். அதே உயரத்துக்கு ஏறியது. ஆய்வேட்டில் போட்டது அந்தச் சிறிய ஏற்றத்தைத்தான்.