யார் முறை?

2024 ஜூன் 3, திங்கள்

நேற்று இரவு சின்னவள் நான்கு முறை எழுந்தாள். முதல் இரண்டு முறை நான் எழுந்தேன்; மூன்றாவது முறை அவர் எழுந்தார்; நான்காவது முறை இருவரும் விழித்துக்கொண்டு, இருவரும் தூங்குவதுபோல் கிடந்தோம். அவருடைய மூச்சு எனக்குத் தெரியும். உண்மையாகத் தூங்கும்போது அது அவ்வளவு ஒழுங்காக இருக்காது. அழுகை மூத்தவனையும் எழுப்பிவிடுமோ என்று பயந்து கடைசியில் நானே போனேன். ஆக, மூன்றுக்கு ஒன்று. காலையில் பல் துலக்கும்போதே இந்தக் கணக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது. வாய் திறந்து சொல்லவில்லை; பாத்திரங்களைச் சற்று ஓசையோடு அடுக்கினேன். அதுவும் சொன்னதில்தான் சேர்த்தி.

கைக்குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றும், பெரியவர்களுக்கு அது 90 நிமிடம் என்றும் படித்திருக்கிறேன். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோருக்கும் அரைவிழிப்பு வருகிறது. நாம் புரண்டு படுத்துவிடுகிறோம், பதினொரு மாதக்காரிக்கு அது இன்னும் கைவரவில்லை. இதெல்லாம் தெரிந்திருந்தும் அதிகாலை மூன்று மணிக்கு அந்த அறிவால் ஒரு பயனும் இல்லை.

2024 ஜூன் 5, புதன்

மாலையில் அவர் சின்னவளுக்கு டயப்பர் மாற்றினார். நான் கேட்காமலே செய்தார் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒட்டுப்பட்டை ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருந்தது. தொடையோரத்து மடிப்பை விரலால் வெளியே எடுத்துவிடவில்லை. அந்த மடிப்பு உள்ளே சுருண்டுகிடந்தால் ஒரு மணி நேரத்தில் படுக்கைவிரிப்பு நனைந்துவிடும். "கொஞ்சம் நகருங்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். அவர் இரண்டு கைகளையும் சற்றே தூக்கிக் காட்டிவிட்டு எழுந்து போனார்.

இரவு, எல்லாவற்றையும் நான் ஒருத்திதான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். அவர் அதைப் பொதுவாக எடுத்துக்கொள்ளவில்லை. "நான் செய்தால் அழித்து எழுதுகிறாய், செய்யாவிட்டால் சும்மா இருக்கிறேன் என்கிறாய். எதற்குத் திட்டு என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் எனக்கு வசதி" என்றார். நியாயமான பேச்சுதான், ஆனால் அந்த நேரத்தில் நியாயத்தை ஏற்கும் மனநிலையில் நான் இல்லை.

என் பக்கத்து நியாயத்தையும் எழுதிவைக்க வேண்டும். என்னைக் களைப்படையச் செய்வது வேலை அல்ல, அதை நினைவில் வைத்திருப்பது. மூத்தவனின் செருப்பு எப்போது சிறிதாகும், யாருக்கு எப்போது நகம் வெட்ட வேண்டும், ஈரத்துணித்தாள் இன்னும் எத்தனை நாளுக்கு வரும், தடுப்பூசி எந்தத் தேதியில் என்பதெல்லாம் என் தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. "என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன்" என்று அவர் சொல்வது அன்பினால்தான். ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு வேலை என்பதும், அந்த வேலைக்கு மட்டும் முறை மாறுவதே இல்லை என்பதும் அவருக்குப் புரிவதில்லை.

2024 ஜூன் 8, சனி

மூத்தவன் மழைக்காலணி போட்டுக்கொண்டுதான் வெளியே வருவேன் என்று அடம் பிடித்தான். வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லை. நான் கூடாது என்றேன். அதே நொடியில் அவர், "போட்டால் போட்டுக்கொள்ளட்டுமே" என்றார். நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சுவையான காட்சி கிடைக்காது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான், எந்தப் பக்கம் சுவர் மெலிதாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டான், பிறகு தரையில் விழுந்து உருண்டான்.

உணர்ச்சியை அடக்கிவைக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும் என்பார்கள். நான்கு வயதில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் வளர்ச்சி முடிந்த மூளைகள் இரண்டு அந்த அறையில் இருந்தன. அவை மழைக்காலணிக்காகக் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தன. நாற்பது நிமிடம் கழித்து நால்வரும் கிளம்பினோம், அவன் மழைக்காலணியோடு. வழியெல்லாம் இல்லாத குட்டைகளில் குதித்துக்கொண்டே வந்தான்.

2024 ஜூன் 12, புதன்

அலுவலக வேலையாக இரண்டு இரவு வெளியூர். சின்னவள் பிறந்த பிறகு இதுதான் முதல் தடவை. இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்தேன்: தூங்கும் நேரம், மாற்றுத்துணி இருக்கும் இடம், எந்தப் போர்வை யாருக்கு, மருந்து அலமாரியின் எந்தத் தட்டில். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இரண்டு நாளுக்கா, இரண்டு மாதத்துக்கா?" என்றார். நான் சிரிக்கவில்லை.

வாசலில் சின்னவள் அவர் தோளிலிருந்து என் பக்கம் தாவி அழுதாள். எட்டு, ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை இந்தப் பிரிவழுகை உச்சத்தில் இருக்கும். அம்மா கண்ணில் படாவிட்டாலும் எங்கேயோ இருக்கிறாள் என்று புரியத் தொடங்கிவிட்டது, திரும்பி வருவாள் என்ற உறுதி மட்டும் இன்னும் வரவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை அந்த அழுகை கேட்டது. திரும்பியதும் நின்றுவிட்டதாக அவர் தொலைபேசியில் சொன்னபோது நிம்மதி வந்தது; அதோடு கொஞ்சம் ஏமாற்றமும் வந்தது.

2024 ஜூன் 13, வியாழன்

இரவு 10.40க்கு அழைத்தார். மூத்தவனுக்குக் காய்ச்சல், 102.4. எப்போது தொடங்கியது, வாந்தி எடுத்தானா, கழுத்தைக் குனிய முடிகிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று வரிசையாகக் கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மருந்தைப் பற்றிக் கேட்கும் முன்பே, "பாராசிட்டமால் எட்டு மி.லி. கொடுங்கள், எட்டு, மறந்துவிடாதீர்கள்" என்றேன். "சரி, பார்த்துக்கொள்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

விடுதி அறையில் தூக்கம் வரவில்லை. எழுப்ப யாரும் இல்லாத ஓர் இரவுக்காகப் பதினொரு மாதம் ஏங்கியிருக்கிறேன். அது கிடைத்த அன்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

2024 ஜூன் 14, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், எனக்குச் சாதகமாகத் திருத்தாமல்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. அவருடைய கையெழுத்து:

இரவு 10.55 — 102.4 — 4 மி.லி.
அதிகாலை 4.10 — 101.8 — 4 மி.லி.
காலை 7.30 — 99.6 — தண்ணீர் குடித்தான். சிறுநீர் போனான். கார் எங்கே என்று கேட்டான்.

காலணியைக்கூடக் கழற்றவில்லை. "எட்டு என்று சொன்னேனே, நான்கு கொடுத்திருக்கிறீர்கள்? அதனால்தான் விடியற்காலையில் மறுபடி ஏறியிருக்கிறது. ஒரே ஒரு விஷயம் சொன்னேன், அதைக்கூடச் சரியாகச் செய்ய முடியாதா?" என்றேன். மூத்தவன் சோபாவில் போர்வைக்குள் பொம்மைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான்; என் குரலைக் கேட்டு ஓட்டுவதை நிறுத்தினான்.

அவர் பதில் சொல்லவில்லை. சின்னவளை இடுப்பில் இடுக்கியபடி போய், அலமாரியிலிருந்து மருந்தை எடுத்துவந்து, பெயர்ச்சீட்டு என் பக்கம் இருக்குமாறு மேசைமேல் வைத்தார். 5 மி.லி.க்கு 250 மி.கி. பெட்டியின் மேல் மருத்துவரின் கையெழுத்தில் 4 என்று பேனாவால் எழுதியிருந்தது. என் நினைவில் இருந்ததோ பழைய புட்டி. அதில் 5 மி.லி.க்கு 120 மி.கி. அது போன மாதமே தீர்ந்துவிட்டதும், மருத்துவரிடம் கேட்டு அவர் வேறொன்று வாங்கி வைத்ததும் எனக்குத் தெரியாது. அல்லது சொல்லியிருப்பார், நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

கிலோவுக்கு 15 மி.கி. என்று வைத்துக்கொண்டால் 14 கிலோ பிள்ளைக்கு 210 மி.கி. வருகிறது. பழைய மருந்தில் அதற்கு எட்டு மி.லி.க்கு மேல் தேவை. புதியதில் நான்கு மி.லி. போதும். நான் சொன்னபடி ஊற்றியிருந்தால் ஒரே வேளையில் 400 மி.கி., ஏறக்குறைய இரண்டு மடங்கு, அவன் வயிற்றுக்குள் போயிருக்கும். விடியற்காலையில் காய்ச்சல் மறுபடி ஏறியதற்கும் அளவு காரணமில்லை. நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாத செய்தி அல்ல. நான் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பிறகுதான் குளியலறையின் எடைக்கருவி கூடத்தின் நடுவில் கிடப்பதைப் பார்த்தேன். பெட்டியில் எழுதிய அளவு பையனின் இப்போதைய எடைக்கும் பொருந்துகிறதா என்று சரிபார்க்க, இரவு பதினொரு மணிக்கு, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் அதன்மேல் ஏறியிருக்கிறார். பிறகு அவனைக் கீழே விட்டுத் தனியாக ஏறி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்திருக்கிறார். தாளின் மூலையில் அந்தக் கழித்தல் இருந்தது: 86 − 72 = 14. இந்த வீட்டில் நான் மட்டும்தான் கணக்குப் போடுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

"அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னால் நீ தூங்கமாட்டாய்" என்றார். நான் எப்படியும் தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

காலையில் மருத்துவரிடமும் காட்டிவிட்டார். வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக் வேண்டாம், காய்ச்சல் இறங்கும் நேரத்தில் விளையாடுகிறானா, நீர் குடிக்கிறானா என்று பார்த்தால் போதும் என்றாராம். இரவு படுக்கப் போகும்போது மூத்தவன், "அப்பா பக்கத்துல படுக்கறேன்" என்றான். போகட்டும் என்று விட்டேன், விட்டதாகக் காட்டிக்கொண்டேன்.

2024 ஜூன் 16, ஞாயிறு

துணி மடிக்கும்போது மன்னிப்புக் கேட்டேன். கையில் இருந்த படுக்கைவிரிப்பைப் பார்த்துத்தான் கேட்டேன். ஆனாலும் அவர் காதில் விழுந்தது. விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மூலைக்கு மூலை சேரவில்லை. சேரவில்லை என்று நான் சொல்லவில்லை, என் முகம் சொல்லியிருக்கும், அவர் சிரித்துவிட்டார்.

1999இல் ஆலன், ஹாக்கின்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்களிலும் சில தாய்மார்கள் குழந்தை வளர்ப்பின் வாசலில் காவல் நிற்கிறார்கள்: அளவுகோல் அவர்களுடையது, மேற்பார்வை அவர்களுடையது, கணவன் செய்ததைத் திரும்பச் செய்வதும் அவர்களே. அந்த ஆய்வாளர்கள் பார்த்த தாய்மார்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்த வகையாம். படித்தபோது டயப்பரின் ஒட்டுப்பட்டைதான் நினைவுக்கு வந்தது, முகம் சுட்டது.

ஆனாலும் முழுதாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வாசலில் நிற்கிறாள் என்கிறீர்களே, அங்கே அவளை நிறுத்தியது யார்? மூத்தவன் பள்ளியில் வாந்தி எடுத்தால் இருவர் எண்ணும் கொடுத்திருந்தும் முதல் அழைப்பு எனக்குத்தான் வருகிறது. பிள்ளை சட்டையில் பொத்தான் மாறியிருந்தால் பார்ப்பவர்கள் "அம்மா கவனிக்கவில்லையோ" என்கிறார்கள். அப்பா கவனிக்கவில்லையோ என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. பழி எனக்கு வரும் இடத்தில் காவலும் நானாகத்தான் இருப்பேன். இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பள்ளிக்கு எழுதி முதல் எண்ணாகத் தன்னுடையதைப் போடச் சொல்வதாகச் சொன்னார். அவ்வளவு எளிதாக ஒரு விடை இருந்தது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

2024 ஜூன் 21, வெள்ளி

பிள்ளைகள் எட்டரைக்கே தூங்கிவிட்டார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டு உட்கார்ந்தோம். ஏழு நிமிடம் தாங்கியது. மீறியது அவர்தான் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

2024 ஜூன் 25, செவ்வாய்

என் பயணத்தால் தள்ளிப்போன சின்னவளின் தடுப்பூசி நாளைக்கு. அவர் விடுப்புப் போட்டிருக்கிறார், அவர்தான் கூட்டிப்போகிறார். குறிப்பு எதுவும் எழுதித் தரக் கூடாது என்று காலையிலேயே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலைவரை அதைக் காப்பாற்றினேன். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள் என்று ஒரே ஒரு முறை, போகிற போக்கில் சொன்னேன். அது குறிப்பில் சேராது.

இரவு பதினொன்றரைக்குத் திடீரென்று தடுப்பூசி அட்டையின் நினைவு வந்தது. இழுப்பறையில் அதன் வழக்கமான இடத்தில் இல்லை. மேல் இழுப்பறை, கீழ் இழுப்பறை, மூத்தவனின் வரைதாள்களுக்கு நடுவில் என்று எல்லா இடத்திலும் துழாவினேன். பிள்ளை கிழித்துப் படகு செய்துவிட்டானோ, இவர் எங்கேயாவது வைத்துவிட்டாரோ என்று மனம் தன் பழைய தடத்தில் ஓடத் தொடங்கியது. கடைசியில் அவரை உலுக்கி எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே, "பையில், முன்பக்க ஜிப்பில்" என்றார். போய்ப் பார்த்தேன். அட்டை இருந்தது, நனையாமல் இருக்க ஒரு உறையில். கூடவே ஒரு மாற்று டயப்பர், ஒரு சட்டை, மூத்தவனின் பொம்மைக் கார்.

திறந்துகிடந்த இழுப்பறையைத் தள்ளி மூடினேன். அந்த ஓசையில் சின்னவள் விழித்துக்கொண்டாள். இன்று அவருடைய முறைதான். ஆனால் எழுப்பியது நான் என்பதால் நானே போனேன்.